நாய்க்குத் தைராய்டு, எனக்கு ஃப்ரீசர்

நாயின் கழுத்துச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது டாக்டருடைய வேலை. அதைச் சோதிக்கிற மருந்து அதுவரை கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என்னுடைய வேலை. பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைகளுக்குப் பின்சந்தில் இருக்கும் ஒரு மிருக கிளினிக்கில் பதினொரு வருஷமாக இதைச் செய்துவருகிறேன். சீருடையில் 'ஆய்வுக்கூட உதவியாளர்' என்று எழுதியிருக்கும். உண்மையில் நான் ஒரு ஃப்ரீசரின் காவல்காரி.

நாய் காரணமில்லாமல் குண்டாகிறது, முடி கொட்டுகிறது, எந்நேரமும் படுத்தே கிடக்கிறது என்றால் தைராய்டு சந்தேகம் வரும். ஆனால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. வேறு நோய் இருந்தாலும் குறையும், சில மருந்துகளாலும் குறையும். அதனால் சந்தேகம் தீராத நாய்களுக்கு எங்கள் டாக்டர் சுபத்ரா ஒரு சோதனை செய்வார். சுரப்பியைத் தட்டியெழுப்பும் வேறொரு ஹார்மோனை ஊசியில் போட்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார். நல்ல சுரப்பி என்றால் எழுந்து வேலை பார்த்திருக்கும். பழுதான சுரப்பி அப்படியே கிடக்கும்.

அந்தத் தட்டியெழுப்பும் ஹார்மோன் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. சின்னக் குப்பியில் பொடியாக வரும், லேசில் கிடைக்காது. ஒரு நாய்க்கு அதில் கொஞ்சம்தான் தேவை. கலக்கிய பிறகு மீதியைச் சின்ன சிரிஞ்சுகளில் பிரித்து, தேதி ஒட்டி, உறையவைத்தால் பல வாரங்களுக்கு வீரியம் நிற்கும். ஆனால் உறைந்தது உறைந்தபடியே இருக்க வேண்டும். ஒருமுறை உருகினால் அதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. வீரியம் போன ஊசியைப் போட்டால் நல்ல சுரப்பிகூட எழுந்திருக்காது. ஒன்றுமில்லாத நாய் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும். மருந்துக் கடையிலோ ரத்த வங்கியிலோ ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தபடியே காலம் தள்ளுகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்குப் புரியவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஐஸ் பிடிக்கிற பெட்டி

பழைய ஃப்ரீசர் ஒருநாள் உறுமிவிட்டு உயிரை விட்டது. நல்லவேளையாக அன்று உள்ளே சிரிஞ்சு எதுவும் இல்லை. புதிது வாங்கிவரச் சொல்லி டாக்டர் என்னைக் கிள்ளானில் ஒரு மின்சாமான் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் குமரேசன், முப்பது வயது இருக்கும், வாய் ஓயாமல் பேசுகிற ஆள். கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். "இது டாப் மாடல்கா. ஐஸே பிடிக்காது. அதுவே உருக்கிக்கும். நீங்க கத்தி வச்சு கொத்தவே வேணாம்." நான் வேண்டாம் என்றேன். அடுத்ததைக் காட்டினார். அதுவும் ஐஸ் பிடிக்காத ரகம். அதையும் வேண்டாம் என்றேன்.

விஷயம் என்னவென்றால், ஐஸ் பிடிக்காத பெட்டி சும்மா இருந்து ஐஸ் பிடிக்காமல் இருப்பதில்லை. அவ்வப்போது தன்னைத் தானே கொஞ்சம் சூடாக்கிச் சுவரிலுள்ள ஐஸை உருக்கிக்கொள்ளும். மீனுக்கும் கோழிக்கும் அது தெரியாது. என் சிரிஞ்சுகளுக்குத் தெரியும். இதையெல்லாம் நடுக் கடையில் நின்று விளக்கினேன். கடைசியில் குமரேசன் கிடங்குக்குப் போய், தூசி படிந்த பழைய ரகப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

"எட்டு வருஷமா கடை வச்சிருக்கேன்கா. ஐஸ் பிடிக்குதுன்னு பெட்டிய திருப்பிக் கொண்டாந்தவங்கள பாத்திருக்கேன். ஐஸ் பிடிச்சே ஆகணும்னு சண்ட போட்டு வாங்கிட்டுப் போற மொத ஆளு நீங்கதான்."

அஸ்மான் மாட்டிக்கொண்ட ஜாம்

கிள்ளான் பக்கமுள்ள கிளினிக்குகளிலிருந்து ரத்த மாதிரிகளை எடுத்து வருபவர் அஸ்மான். தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் காலை பத்து மணிக்கு வரவேண்டியவர் மதியம் இரண்டரைக்கு வந்தார். ஃபெடரல் ஹைவேயில் ஒரு லோரி கவிழ்ந்து, ரோடு முழுக்க முட்டைக்கோஸ். பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பொட்டலங்கள் வெந்நீர்ப் பைகள் மாதிரி ஆகியிருந்தன. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு நாயின் ரத்தத்தையே வீணாக்கிவிட்டீர்கள், திரும்ப அதைக் குத்த வேண்டும், ஒரு போன் செய்யத் தெரியாதா என்று கொட்டித் தீர்த்தேன். அஸ்மான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரத்த செல்ல பிரிச்சுட்டு சீரம்தானே அனுப்பியிருக்காங்க? ஜெயா, இதுல பாக்கப்போறது சாதாரண தைராய்டு ஹார்மோன். அது லேசுல கெடாது. இந்த அரை நாள் வெயிலெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. நீங்க பொத்திப் பொத்திப் பாதுகாக்குறது ஊசி போடுற ஹார்மோன். அது வேற, இது வேற." பதினொரு வருஷ அனுபவத்தில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கத்தியிருக்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, கடையிலிருந்து பாலில்லாத ஐஸ் டீ, ஒரு தே ஓ ஐஸ், வாங்கிவந்து அஸ்மானிடம் நீட்டினேன். மன்னிச்சிருங்க என்று சொல்லவும் செய்தேன். பாதிக் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பரவால்லக்கா. ஆனா அடுத்த தடவ வெயில்ல மாட்டுனா, மொதல்ல என்னைய ஃப்ரிட்ஜ்ல வைங்க. அந்த ரத்தம் தாங்கும் லா, நான்தான் தாங்க மாட்டேன்."

அழிந்த எழுத்து

எங்கள் வரவேற்பாளர் மேய் லிங் இந்தத் தெருவிலேயே இருபது வருஷம் இருந்து, வாடிக்கையாளர்களிடம் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். ஒருமுறை என் நல்ல பேனா காணாமல்போனதால் அவருடைய மேசையிலிருந்த ஊதா நிற மினுமினுப்புப் பேனாவால் சிரிஞ்சுகளில் தேதி எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஐஸ் ஈரத்தில் எல்லாத் தேதியும் கரைந்து அழகான ஊதாப் பூக்களாக மாறியிருந்தன. பக்கத்திலேயே பழைய குப்பியின் கடைசிச் சிரிஞ்சு ஒன்றும் இருந்தது. ஊதா அதன் மேலும் வழிந்து அதிலிருந்த தேதியையும் மறைத்திருந்தது. எது பழசு, எது புதுசு? ஐந்து சிரிஞ்சுகளையும் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றேன். டாக்டரிடம் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை, எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மேய் லிங் பென்சில் பெட்டியிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து, என் கண்ணெதிரே கைப்பைக்குள் பூட்டிக்கொண்டு சொன்னது:

"அக்கா, இது நான் தீபாவளி கார்டு எழுத வாங்குனது. மெடிசின்ல எழுத இல்ல. சொல்லியிருந்தா நான் மார்க்கர் குடுத்திருப்பேன்ல, அலமாக்!"

ஆறு மணி நேரம்

சாலாக் செலாத்தானிலிருந்து தேவராஜ் அங்கிள் வந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் சீசர் என்கிற லாப்ரடாரும்தான். சீசருக்குத் தைராய்டு என்றும், இனி வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றும் வேறெங்கோ சொல்லியிருந்தார்கள். அங்கிளுக்கு மனது ஒப்பவில்லை. "எனக்கே காலையில அஞ்சு மாத்திர. ரெண்டு பேரும் போட்டி போட்டு முழுங்கணுமா?" என்று கேட்டார். டாக்டர் சோதனை செய்துபார்க்கலாம் என்றார். காலை ஒன்பதுக்கு முதல் ரத்தம். நான் ஃப்ரீசரிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து உருகவைத்துக் கொடுத்தேன். ஊசி போட்டாகிவிட்டது. இனி மூன்று மணிக்குத்தான் அடுத்த ரத்தம்.

அதுவரை சீசருக்குச் சாப்பாடு கிடையாது. அங்கிளை நான் போய்ச் சாப்பிட்டுவரச் சொன்னேன். நாலு கடை தள்ளி வாழையிலைச் சாப்பாடு, மணம் இங்கேவரை வரும். அவர் அசையவில்லை. "அவன் பட்டினியா கெடக்கான். நான் மட்டும் போய் ரசம் ஊத்திச் சாப்பிட்டா மோந்து பாத்துடுவான்மா. மூஞ்சிய திருப்பிக்குவான்" என்றார். மேய் லிங் கொடுத்த பிஸ்கட்டையும் மறுத்துவிட்டு, நாயின் கூண்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழ்ப் பேப்பரை அதற்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் தள்ளிவிட்டார்.

மறுநாள் முடிவு வந்தது. இரண்டாவது ரத்தத்தில் ஹார்மோன் நன்றாக ஏறியிருந்தது. சுரப்பிக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் முதலில் ஏன் குறைந்தது? டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில், சீசரின் காது அரிப்புக்கு அங்கிள் பல மாதமாகத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விட்டுவருவது தெரிந்தது. மருந்தென்று கேட்டபோதெல்லாம் அவர் மாத்திரையை மட்டும்தான் கணக்கில் எடுத்திருக்கிறார். அந்தச் சொட்டு மருந்தில் இருந்த ஸ்டீராய்டு வேண்டிய மட்டும் உள்ளே போய் எல்லாவற்றையும் குழப்பியிருக்கிறது. அதைப் படிப்படியாக நிறுத்துவதற்கு டாக்டர் வழி எழுதிக்கொடுத்தார். அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. சீசரின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு வாசலுக்குப் போனவர் திரும்பிவந்து என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, அப்ப நேத்து நாங்க ரெண்டு பேரும் ஆறு மணி நேரம் பட்டினி கெடந்தது காதுக்கா?"

இருபது சென்

என் ஃப்ரீசருக்குள் ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, மேலே ஒரு இருபது சென் காசு வைத்திருக்கிறேன். கரண்ட் போய் ஐஸ் உருகினால் காசு முழுகும். கரண்ட் வந்து மறுபடி உறைந்தாலும் காசு அடியிலேயே கிடக்கும். வேறு எவர் ஏமாற்றினாலும் அந்தக் காசு ஏமாற்றாது. ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் கிளினிக்கை மூடியிருந்தோம். திறந்த அன்று காலை நான்தான் முதலில் வந்தேன். விளக்கு எரிந்தது, ஃப்ரீசர் ஓடியது, சிரிஞ்சுகள் மூன்றும் கல் மாதிரி உறைந்திருந்தன. கப்பை எடுத்துப் பார்த்தேன். காசு அடியில் இருந்தது.

அன்று ஒன்பதரைக்குக் கிள்ளான் பக்கமுள்ள மேருவிலிருந்து கோமளா வருவதாக இருந்தது. கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். லீவு கிடைப்பதே பெரும்பாடு. அவளுடைய நாய் கறுப்பன், ஒரு வருஷமாக வீட்டு வாசலில் வெயிலிலேயே படுத்துக் கிடக்கிறது. நம் ஊர் மதிய வெயிலில் ஒரு நாய் குளிர் காய்கிறது என்றால் நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் அவளுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசல் கேட்டுக்கு ஓடிவருமாம். இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் முடிவு இரண்டுங்கெட்டானாக வந்ததால்தான் இந்தச் சோதனைக்கு நாள் குறித்திருந்தோம். புதுக் குப்பி வர வாரங்களாகும். நான் ஃப்ரீசர் கதவை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றேன். காசு முழுகியது எனக்கு மட்டும்தான் தெரியும். கப்பைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. எவ்வளவு நேரம் உருகியிருந்ததோ, ஒருவேளை மருந்து நன்றாகவே இருக்குமோ என்றெல்லாம் மனது வக்கீல் வேலை பார்த்தது. அப்புறம் கறுப்பனின் சுரப்பி நல்லதாக இருந்து, என் மருந்து செத்துப்போயிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கப்பைக் கையில் எடுத்துக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் கப்பைத் திருப்பி அடியைப் பார்த்தார். "சரி. போட வேண்டாம். நீங்களே கோமளாகிட்ட சொல்லிடுறீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். கோமளா வாடகை வண்டியிலிருந்து அந்தப் பெரிய நாயை இடுப்போடு அணைத்து இறக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "இத நேத்து சொல்லியிருக்கலாமே? நான் எப்படி லீவு வாங்குனேன்னு தெரியுமா?" என்றாள். நேற்று எனக்கே தெரியாது என்றேன். கப்பைக் காட்டினேன். அவள் அதை வாங்கி, உறைந்த தண்ணீருக்குள் கிடந்த காசை ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்க ஃபேக்டரியில மிஷின் நின்னா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாயைத் திரும்ப வண்டியில் ஏற்றினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அதன் உடம்பு குளிர்ந்திருந்தது. அன்று முழுக்க எனக்கு எதிலும் கை ஓடவில்லை.

புதுக் குப்பி வந்ததும் முதல் ஊசி கறுப்பனுக்குத்தான். ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்திலும் ஹார்மோன் இம்மியும் ஏறவில்லை. சுரப்பி உண்மையிலேயே பழுது. இந்தத் தடவை யாருக்கும் சந்தேகமில்லை. மாத்திரை தொடங்கினார்கள். சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது கறுப்பனுக்கு வாலில் முடி முளைத்திருந்தது, வந்த வேகத்தில் என்னைச் சுவரோடு சாய்த்துவிட்டது. கோமளா சங்கிலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"மோட்டார் சத்தம் கேட்டா கேட்டையே ஒடைக்கிறான்கா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேக்குறாங்க, இதுல கொஞ்சம் கம்மியா வேல செய்ற மாத்திர இல்லையான்னு."

ஒரே வீட்டில் இரண்டு பேர்

இந்தத் தெருவிலேயே துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த மருமகள் பரமேஸ்வரி ஆன்ட்டி. அவருக்கும் தைராய்டு, அவருடைய ஸ்பேனியல் பிங்கிக்கும் தைராய்டு. பிங்கிக்கு மாத்திரை தொடங்கி ரொம்ப நாளாகியும் ரத்தத்தில் ஹார்மோன் ஏறவே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் என் புத்திப்படி, மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சமையலறை ஜன்னலில் என்றார் ஆன்ட்டி. போட்டோ அனுப்பச் சொன்னேன். அடுப்புக்கு நேர் மேலே, மூடி தொலைந்த ஊறுகாய் ஜாடியில், மாத்திரைகள் வெயிலையும் ஆவியையும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தன. வெள்ளை மாத்திரைகள் சந்தன நிறத்துக்கு வந்திருந்தன. நாயின் பரிசோதனையில் ஒரு தப்புமில்லை. மாத்திரைதான் ஜன்னலோரத்திலேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவருடைய மாத்திரை எங்கே என்று கேட்டேன். அது படுக்கையறை அலமாரியில், டப்பாவில், உலர்ந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறதாம். பிங்கியின் மாத்திரையையும் அங்கேயே வைக்கச் சொல்லி, புது டப்பா கொடுத்து அனுப்பினேன். மாறிவிடாமலிருக்க மூடியில் அழியாத மார்க்கரால் பெயர் எழுதினேன். ஆறு வாரத்தில் பிங்கியின் ரத்தம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. முடிவை வாங்க வந்த ஆன்ட்டி இரண்டு டப்பாக்களையும் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களைப் படித்தார். நாய்களுக்கு மனிதர்களைவிட அதிக அளவு தேவைப்படும், அவற்றின் உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஆன்ட்டி தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, டப்பாக்களைத் திரும்பப் பைக்குள் வைக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பதிமூணு கிலோ நாய்க்கு என்னவிட டோஸ் அதிகம். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியக் கூடாது ஜெயா. ஏற்கெனவே அவர் எனக்கு முன்னாடி அதுக்குத்தான் சோறு போடுறாரு."

கலக்கிய ஹார்மோனை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். நாய் வளர்க்கிறவர்கள் அடுத்த நிமிஷம் என்ன சொல்வார்கள் என்பதைத்தான் இத்தனை வருஷமாகியும் என்னால் சொல்ல முடிவதில்லை.